மைபீச்சும் அச்சுப்பொறி: பாகம் மாற்றிய பின் தோன்றும் கோளாறுகள்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தோட்டப் பகுதிகளிலும் தமிழ்வழிக் கல்வி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. பாடநூல்கள் அரசாங்கத்திடமிருந்து வருகின்றன. ஆயினும் வாரத் தேர்வுக்குரிய வினாத்தாள், பின்தங்கிய மாணவர்க்குரிய பயிற்சித்தாள், பெற்றோர்க்கு அனுப்பும் அறிக்கை ஆகியவற்றை ஆசிரியரே தமிழில் தட்டச்சு செய்து அச்சிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேரள அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்குப் பல்பயன் அச்சுப்பொறிகள் வழங்கப்பட்டன. எனினும் இரவில் தயாரித்து மறுநாட் காலையில் வகுப்புக்குக் கொண்டு செல்லும் வேலைக்குப் பயன்படுவது, பெரும்பாலும் ஆசிரியர் வீட்டு மேசைமீதுள்ள சிறிய இங்க்ஜெட் அச்சுப்பொறியே ஆகும். சுகாதாரம், வேளாண்மை முதலிய துறைகளின் களப் பணியாளர் நிலையும் இதுவே.

இப்பொறி பழுதுபட்டால் மூணாற்றிலுள்ளோர் உடுமலைப்பேட்டைக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அல்லது அதனினும் தொலைவிலுள்ள கொச்சிக்குச் செல்ல வேண்டும். ஆதலின் பலர் உதிரிப் பாகத்தைத் தபாலில் வரவழைத்துத் தாமே மாற்றிக்கொள்கின்றனர். இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் பாகத்தை மாற்றிய பின்னர்ப் பொறி முன்னிலும் மோசமாக இரைச்சலிடுவதும், தாளைக் கசக்குவதும், சிவப்பு விளக்கை எரித்து நின்றுவிடுவதும் உண்டு. அப்போது பெரும்பாலோர் “புதிய பாகம் போலி” என்றோ, “பொறியின் காலம் முடிந்தது” என்றோ தீர்மானித்துவிடுகின்றனர். இரண்டாவது புதிய பாகத்திற்குப் பணம் அனுப்புவோரும் உளர்.

இவ்விரு முடிவுகளும் பெரும்பாலும் தவறானவை. பாகம் மாற்றியவுடன் தோன்றும் கோளாறு, புதிய பாகத்திலும் அரிதாகவே இருக்கும். பொறியின் முதுமையிலும் அரிதாகவே இருக்கும். அப்பாகத்தை அடைவதற்காகக் கை எவ்வழியே சென்றதோ, எவற்றைத் தொட்டதோ, எவற்றைக் கழற்றி வைத்ததோ, அவ்வழியிலேயே அது கிடக்கும். ஆகவே “எது கெட்டது?” என்று கேட்பதற்கு முன் “எதைத் தொட்டோம்?” என்று கேட்பதே முறை.

பொறியின் அமைப்பு

துளித்துளியாக மையைத் தெறித்து எழுதும் கருத்து பழமையானது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்ட், மருத்துவ அளவீடுகளைத் தாளில் வரைவதற்கு மைத்தாரையைப் பயன்படுத்தும் கருவிக்கு 1951இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1958இல் மனித உடலுள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இதயத் துடிப்புக் கருவியை அமைத்தவரும் இவரே. 1977இல் ஜப்பானில் கேனன் நிறுவனத்தைச் சேர்ந்த இச்சிரோ எண்டோ என்பவர், சூடான பற்றாசுக்கோல் மை நிரம்பிய ஊசியின்மீது பட்டபோது ஊசிமுனையிலிருந்து மை தெறித்ததைக் கண்டார். வெப்பத்தால் குமிழி எழுப்பி மையைத் தள்ளும் முறை இவ்வாறு பிறந்தது. வெப்பமின்றி, மின்னழுத்தத்தால் வளையும் படிகத்தைக் கொண்டு மையைத் தள்ளுவது மற்றொரு முறை.

1984இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட திங்க்ஜெட் பொறியில், துளைகளைக் கொண்ட மைத்தலை மைக்கூட்டுடனேயே இணைந்திருந்தது; கூட்டை மாற்றினால் தலையும் புதிதாகிவிடும். இவ்வகைப் பொறிகள் இன்றும் உள்ளன. ஆனால் அண்மைக் காலத்தில் வீடுகளில் பரவியுள்ளவை பக்கத்தில் மைத்தொட்டி வைத்தவை. இவற்றில் தலை நிலையானது. தொட்டியிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியே மை தலைக்குச் செல்கிறது. அச்சிடும் செலவு இவற்றில் மிகக் குறைவு. அதற்கு ஈடாக, தலை, குழாய், மூடுமேடை முதலியவற்றை என்றேனும் ஒருநாள் கழற்ற நேரிடுகிறது. இக்கட்டுரைக்குரிய தொல்லைகள் பெரும்பாலும் இவ்வகைப் பொறிகளில் எழுபவை.

மூடியைத் திறந்தால் இடமும் வலமும் ஓடும் சிறு வண்டியொன்று காணப்படும். மைத்தலை அதில்தான் அமர்ந்திருக்கிறது. வழவழப்பான எஃகுத் தண்டோ தகடோ அதற்குத் தண்டவாளம். பற்கள் கொண்ட ரப்பர் வார் ஒன்று அதை இழுக்கிறது. தாளைத் தட்டிலிருந்து எடுத்துத் தருவது எடுப்புருளை. ஒரு நேரத்தில் ஒரு தாளே செல்லுமாறு தடுப்பது பிரிப்புப் பட்டை. தாளை நூலளவு நூலளவாக நகர்த்துவது செலுத்துருளை. வண்டி ஓய்வு கொள்ளும் வலப்புற மூலையில், தலையின் துளைகள் காய்ந்துபோகாமல் அடைக்கும் ரப்பர் மூடியும் துடைப்பானும் உள்ளன. மைத்தலைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. இச்சிறு இடத்தில், ஒரு லிட்டரில் இலட்சங்கோடியில் சில பங்கே அளவுள்ள துளிகள் குறி தவறாமல் விழ வேண்டும். தைத்த துணி சற்றுக் கோணலானாலும் தையல் இயந்திரம் பொறுத்துக்கொள்ளும். அச்சுப்பொறி பொறுத்துக்கொள்ளாது.

குறிநாடா

பாகம் மாற்றியவரை மிகுதியும் ஏமாற்றுவது, வண்டிக்குப் பின்னால் இடமிருந்து வலம்வரை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய நாடாவாகும். பழுதுபார்ப்போர் இதனை என்கோடர் நாடா என்பர். பார்வைக்கு இது மங்கலான பிளாஸ்டிக் துண்டு. உண்மையில் இஃது ஓர் அளவுகோல். ஓர் அங்குலத்திற்கு 150 முதல் 200 வரை நுண்கோடுகள் இதில் அச்சிடப்பட்டுள்ளன. வண்டியின் முதுகிலுள்ள கவட்டை போன்ற சிறு கருவியின் ஒரு காலில் விளக்கும் மறுகாலில் ஒளியுணரியும் உள்ளன. நாடா அக்கவட்டையின் நடுவே செல்கிறது. வண்டி ஓடும்போது ஒளி மறைந்து தோன்றுவதை எண்ணியே, வண்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறி அறிகிறது.

தலையையோ பல்வாரையோ மாற்றும்போது இந்நாடாவைத் தொடாமலிருப்பது அரிது. கிரீஸ் பட்ட விரல் அதில் பதிந்தால் அவ்விடத்தில் கோடுகள் மறைந்துவிடும். வண்டியை மீண்டும் பொருத்துகையில் நாடா கவட்டையின் நடுவே செல்லாமல் வெளியே நின்றுவிட்டால், பொறிக்கு ஒரு கோடும் தெரியாது. அப்போது நிகழ்வது யாது? மோட்டார் சுழல்கிறது, வண்டியும் நகர்கிறது, ஆனால் அது நகரவில்லை என்று பொறி கருதுகிறது. மேலும் விசை கொடுக்கிறது. வண்டி ஓடிப்போய்ப் பக்கச் சுவரில் ‘டக்’கென மோதி நிற்கிறது, பிழை விளக்கு எரிகிறது. மோட்டார் போய்விட்டது என்று இதைக் காண்போர் நினைப்பது இயல்பு. கெட்டிருப்பது மோட்டாரன்று, பொறியின் கண் மறைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

இதன் அடையாளத்தை நினைவில் வைத்தல் எளிது. முதல் ஓட்டத்திலேயே சுவரில் மோதினால் நாடா கவட்டையில் இல்லை, அல்லது அதன் ஒருமுனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வண்டி தயங்கினால் அல்லது நின்றால், அவ்விடத்தில் நாடாவில் அழுக்கு உள்ளது. நீரில் நனைத்து நன்கு பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் நாடாவை இருபுறமும் பற்றி மெதுவாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தின்னர், பெட்ரோல் போன்றவற்றைத் தொடவே கூடாது. அவை கோடுகளையே கரைத்துவிடக்கூடும்.

தேங்காயெண்ணெயும் குளிரும்

கேரளத்து வீடுகளில் கிறீச்சிடும் கதவுக் கீல் முதல் தையல் இயந்திரம் வரை எதற்கும் முதலில் கைக்கு வருவது தேங்காயெண்ணெய். வண்டி செல்லும் தண்டில் புதிய பல்வார் பொருத்தியதும் இரண்டு சொட்டு விடுவோர் உண்டு. பாலக்காட்டு வெயிலில் பகல் முழுவதும் வண்டி வழுக்கிக்கொண்டோடும். மூணாற்றிலோ கதை வேறு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறையும் தன்மையது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், ஆண்டின் பெரும்பகுதி இரவு வெப்பநிலை இதனினும் மிகத் தாழ்ந்தே இருக்கும். மாலையில் ஓடிய வண்டி காலையில் ஓடாது; நண்பகலில் மீண்டும் ஓடும். மோட்டாரில் கோளாறு, மின்னழுத்தம் குறைவு என்றெல்லாம் காரணம் தேடுவோர், அடுக்களையில் எண்ணெய்ப் புட்டி உறைந்திருப்பதைப் பார்த்தால் போதும். அன்றியும் இவ்வெண்ணெய் நாளடைவில் தூசியுடன் சேர்ந்து பிசினாகும்.

தையல் இயந்திர எண்ணெய் உறைவதில்லை. ஆனால் மிக நீர்த்ததாதலின் தண்டினின்று வழிந்து பல்வாரையும் குறிநாடாவையும் அடையக்கூடும். எனவே தண்டைப் பஞ்சில்லாத துணியால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஊறு செய்யாத மெல்லிய கிரீஸை அரிசியளவு எடுத்து, தண்டில் மட்டும் தடவி, வண்டியைப் பத்து முறை கையால் தள்ளி, ஓரங்களில் ஒதுங்கும் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். சில பொறிகளில் வழித்தகட்டுக்கு எவ்வித எண்ணெயும் வேண்டியதில்லை. பழைய கிரீஸின் தடமே இல்லாதிருந்தால் புதிதாக இடாமலிருப்பதே நன்று.

கையால் தள்ளிப் பார்த்தல்

பொறி ஓடாத நிலையில் செய்யும் சோதனையே முதற் சோதனை. பொத்தானை அழுத்தி நிறுத்தினால் வண்டி மூலையிலுள்ள பூட்டில் போய் அமர்ந்துவிடும், பின்னர் நகராது. அதை வலிந்து இழுத்துப் பூட்டை உடைத்தவர் பலர். பொறியை இயக்கி, வண்டி மூலையை விட்டு நடுவே வந்தவுடன் மின்செருகியைப் பிடுங்கிவிட்டால், வண்டி தளர்வாக நிற்கும். பிறகு ஒரு விரலால் இடமிருந்து வலம் மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். வழி முழுவதும் ஒரே அளவு தடை இருந்தால் நலம். ஓரிடத்தில் மட்டும் தட்டினால் அவ்விடத்தில் ஏதோ உள்ளது: வழியில் தொங்கும் மைக்குழாய், பற்றில் அமராத அதன் கிளிப், சரியாக மூடாத தலைமூடி, கழற்றியபோது விழுந்த திருகாணி, பென்சில் முனை. கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சினால் அதை டப்பாவில் போட்டு வைப்பது தீர்வன்று. மாறாக, ஒன்று குறைந்தால் அது பொறிக்குள்ளேதான் இருக்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். தலையைப் பொறியின் மின்பலகையுடன் இணைக்கும் வெள்ளைத் தட்டைக் கம்பிநாடாவைத் தலையை மாற்றும்போது கழற்றிச் செருக வேண்டியிருக்கும். அது நேராக அமராமல் சற்றுச் சாய்ந்து அமர்ந்தாலோ, அதன் நுனியில் ஒரு சொட்டு மை இருந்தாலோ, அடுத்தடுத்த கம்பிகள் தொடர்புற்றுப் புதிய தலையும் மின்பலகையும் ஒருங்கே எரிந்துபோகக்கூடும். இக்கட்டுரையில் கூறப்படும் பிழைகளுள் திருத்த முடியாதது இதுவொன்றே. புதிய தலையின் விலை பொறியின் விலையில் பெரும் பகுதியாக இருக்குமாதலின், மின்செருகியை இடுமுன் அந்நுனியை விளக்கு வெளிச்சத்தில் இருமுறை பார்ப்பது வீண் வேலையாகாது. வீட்டு மின்சாரம் நேரே நுழையும் சிறு பெட்டியைத் திறக்கலாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

தாள் எடுக்காமை: உருளையா, மழையா?

எடுப்புருளையின் ரப்பர் உறையை மாற்றுவது எளிய வேலை. அதன் பின்னும் தாள் வராவிட்டால் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, உறை அதன் பள்ளத்தில் முழுதும் அமர்ந்துள்ளதா, வரிகளின் திசை பழையதைப் போன்றதா என்பது. இரண்டாவது, பிறை வடிவ உருளையாயின் அதன் தட்டைப் பக்கம் ஓய்வு நிலையில் தாளை நோக்கி நிற்கிறதா என்பது. பற்சக்கரத்தைக் கழற்றிப் பல் மாற்றிப் பொருத்தியிருந்தால் நிலை மாறிவிடும். மூன்றாவது, விரலிலிருந்த எண்ணெய். புதிய ரப்பரை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் இது தீரும். இரண்டு மூன்று தாள்கள் சேர்ந்தே சென்றால், உருளையைப் புதிதாக்கிப் பிரிப்புப் பட்டையைப் பழையதாகவே விட்டிருக்கிறோம் என்பது பொருள். புதிய உருளையின் பிடிப்புக்குத் தேய்ந்த பட்டை ஈடுகொடாது. இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே சிறந்தது.

ஆனால் பருவமழைக் காலத்தில் இவை யாவும் சரியாயிருந்தும் தாள் தகராறு செய்யும். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய தாள் உப்பி, ஓரம் சுருண்டு, அடுத்த தாளோடு ஒட்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தவுடன் மூணாறு, பீர்மேடு பகுதிகளில் உருளையை மாற்றியவர் அவ்வுருளையையே குறைகூறுவதற்குக் காரணம் இதுவே. உறை பிரிக்காத புதிய கட்டிலிருந்து இருபது தாளை அப்பொழுதே எடுத்து இட்டுப் பார்க்க வேண்டும். அவை ஒழுங்காகச் சென்றால் உருளைமீது பழியில்லை. தாளைத் தட்டில் விட்டுவைக்காமல், மூடி இறுகும் தகரப் பெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து விசிறிப் பிரித்து இடுவது போதுமானது. மாவட்டத்தின் பெயரை மட்டும் கொண்டு காற்றின் ஈரத்தை மதிப்பிடவும் இயலாது. மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூர் மழைமறைவுப் பகுதி, அங்கு இத்தொல்லை குறைவு.

பாலக்காட்டுப் பக்கத்தில் இடர் எதிர்மாறானது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணவாய் வழியே வறண்ட கீழைக்காற்று வீசும். பழுதுபார்க்கும் வேலை பாதியில் நின்று, வண்டியை நடுவழியில் விட்டு ஓரிரவு கழிந்தால், மூடியில்லாத துளைகளில் மை காய்ந்துவிடும். மறுநாள் எழுத்துக்கள் அரைகுறையாக விழும்போது புதிய மூடுமேடையின்மீது ஐயம் எழும். வேலையை இடையில் நிறுத்த நேர்ந்தால், வண்டியைக் கையால் மெதுவாக மூலைக்குத் தள்ளி மூடியின்மேல் நிறுத்திவிட்டு எழ வேண்டும். நாள்தோறும் பொறியை அதன் பொத்தானால் நிறுத்த வேண்டும். சுவரிலுள்ள விசையால் நிறுத்தினால் வண்டி மூடியை அடையாமலே நின்றுவிடக்கூடும்.

தாளே சாட்சி

பொறி ஓடத் தொடங்கியபின் மிஞ்சும் குறைகளைத் தாளே காட்டிக்கொடுக்கும். பொறியில் அமைந்துள்ள துளைச் சோதனைப் படிவத்தை அச்சிட்டால், கோடுகள் இடையிடையே அறுந்திருப்பின் குறை மையோட்டத்தில் உள்ளது. கோடுகள் முழுமையாக இருந்தும் நெடுங்கோடுகள் இரட்டையாகவோ ரம்பப் பல் போலவோ விழுந்தால், தலை நன்றாயிருக்கிறது. தலையைச் சீரமைக்கும் கட்டளையைக் கணிப்பொறியிலிருந்து கொடுக்கவில்லை, அல்லது தலை தன் இருக்கையில் முழுதும் அமரவில்லை. பல்வார் தளர்ந்திருந்தாலும் இவ்வாறே நிகழும். வாரைத் தாங்கும் கப்பியின் பின்னுள்ள சுருள்வில் அதன் கொக்கியில் இருக்கிறதா என்று காண்க.

ஒரே மாதிரியான கறையோ தழும்போ தாளில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், குற்றவாளி ஏதோ ஓர் உருளையே. எவ்வுருளை என்பதைக் கணக்கால் கண்டுபிடிக்கலாம். இரு கறைகளுக்கு இடையேயுள்ள தூரம் அவ்வுருளையின் சுற்றளவு. அது 44 மில்லிமீட்டராயின், 22/7ஆல் வகுக்க விட்டம் 14 மில்லிமீட்டர். பொறியுள் அவ்விட்டமுள்ள உருளையைத் தேடி, அதில் ஒட்டியுள்ள மையையோ துணுக்கையோ அகற்றினால் போதும். மாணவர்க்கு வட்டத்தின் சுற்றளவைக் கற்பிக்க இதனினும் உயிருள்ள கணக்குக் கிடைப்பது அரிது. ‘டிக், டிக்’ என்று சமகால இடைவெளியில் வரும் ஒலியும் இவ்வகையினதே: ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஒலித்தால் பற்சக்கரம் ஒன்றில் ஒரு பல் உடைந்திருக்கிறது அல்லது இரு பற்களுக்கிடையே எதுவோ சிக்கியிருக்கிறது.

மாற்றிய பாகத்தின் பெயர், நாள், கழற்றிய திருகாணிகளின் எண்ணிக்கை, துண்டித்த கம்பிநாடாக்கள் ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதிப் பொறியின் அடிப்புறத்தில் ஒட்டிவைக்கும் வழக்கம் சில ஆசிரியர்களிடம் உண்டு. கழற்றுமுன் ஒவ்வொரு படியிலும் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வது அதனினும் எளிது; அடுத்தமுறை கோளாறு எழும்போது கை சென்ற வழி கண்ணுக்குத் தெரியும்.

எல்லாம் செய்தும் பொறி மீளாவிடில், அதனை வீட்டுக் குப்பையில் எறிதல் தகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் அச்சுப்பொறிகளும் மைக்கூடுகளும் இடம்பெற்றுள்ளன. கேரளத்தில் பள்ளிகளின் மின்கழிவைக் கிளீன் கேரள நிறுவனம் சேகரித்து வருகிறது. அதனிடம் ஒப்படைக்குமுன், வழித்தண்டு, பற்சக்கரங்கள், குறிநாடா, அதன் கவட்டை ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்வதில் தடையில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் குறிநாடாவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை கோடுகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லட்டும்.